அப்பா கை காட்டின இடம்

போன மாசம் தென்னந்தோப்புக்குப் போற தண்ணி பாதியா குறைஞ்சு போச்சு. மோட்டார்ல கோளாறு இல்லை. போர்லயும் தண்ணி இருக்கு. அப்படீன்னா மண்ணுக்கடியில எங்கேயோ பிவிசி குழாய் விட்டிருக்கு. அது போற வழி தெரிஞ்ச ஒரே ஆள் அப்பா. அவர் போய் ஒரு வருசம் ஆகப்போகுது.

ஆனா ஒரு வீடியோ இருந்தது. அப்பா தோட்டத்துல நடந்துக்கிட்டே, "இங்க ஒரு வால்வு, இங்க ஒரு டீ"ன்னு கை காட்டிச் சொல்ல, மருமகன் போன்ல எடுத்த 11 நிமிசம். அவன் போன்ல இடம் பத்தாம அழிச்சுட்டான். மிச்சம் இருந்தது என் லேப்டாப்புல மட்டும்தான். 2012ல வாங்கினது, இப்போ லினக்ஸ் மின்ட்ல ஓடுது.

போட்டா, குரல் நல்லா கேக்குது. படம் ஒரு இடத்துல நிக்குது, தாவுது, மறுபடி நிக்குது. ஃபேன் கத்துது. "இங்கதான்"னு அப்பா சொல்லும்போது திரையில வரப்புதான் தெரியுது. அம்மா பக்கத்துல உக்காந்து, "என்ன சாமி, பேச்சு கேக்குது, ஆளைக் காணமே?"ன்னாங்க.

கோவை ஹாஸ்டல்ல இருந்த மருமகனுக்குப் போன் போட்டேன். "வேற பிளேயர் போடாதீங்க மாமா. தண்ணி எங்க நிக்குதுன்னு நீங்க பாக்கற மாதிரி ஒவ்வொண்ணா பாப்போம்"னான்.

முதல்ல டெர்மினல்ல ஐ, என், எக்ஸ், ஐ, ஒரு இடைவெளி, மைனஸ், பெரிய ஜி அடிக்கச் சொன்னான். வந்த வரிகள்ல 'எல்எல்விஎம்பைப்'னு ஒரு பேர் இருந்தது. கிராஃபிக்ஸ் சிப் சும்மா இருக்கு, திரையில வர்றதை எல்லாம் சிபியுவே வரையுதுன்னு அதுக்கு அர்த்தமாம். காரணமும் அவனேதான். மின்ட் போட்ட அன்னிக்குத் திரை கருப்பாயிடுச்சு. அப்போ தற்காலிகமா 'நோமோட்செட்'னு ஒரு சொல்லை கிரப் அமைப்புல எழுதினவன், அப்புறம் எடுக்க மறந்துட்டான். அந்தச் சொல் இருந்தா கெர்னல் கிராஃபிக்ஸ் டிரைவரைக் கையில எடுக்காது. கோப்பைத் திறந்து அதை அழிச்சேன். கிரப்பைப் புதுப்பிச்சு, மறுபடி ஆன் பண்ணினேன். இந்தத் தடவை திரை கருக்கலை. ஜன்னல்கள் வழுக்கிட்டு நகர்ந்துச்சு.

வீடியோ மட்டும் இன்னும் திக்குச்சு.

அடுத்து விஎல்சியில கன்ட்ரோலும் ஜேயும் சேர்த்து அமுக்கினேன். ஹெச்இவிசி, 3840க்கு 2160ன்னு காட்டுச்சு. அங்கதான் விசயம் புரிஞ்சுது. ஹெச்இவிசி வந்ததே 2013ல. என் லேப்டாப் சிப் அதுக்கு மூத்தது. அதுக்குத் தெரிஞ்சது ஹெச் 264 வரைக்கும்தான். எந்த டிரைவர் போட்டாலும் சிப்புக்கு இல்லாத வித்தையைக் கொடுக்க முடியாது. அதனால ஃபோர்கே ஹெச்இவிசி முழுசையும் சிபியுவே பிரிக்கணும். 4 இன்ச் குழாய்த் தண்ணியை அரை இன்ச் டியூப்புல விட்ட கதைதான்.

வழி சுலபம். எஃப்எஃப்எம்பெக் வெச்சு வீடியோவை ஹெச் 264ஆ மாத்தி, உயரத்தை 720ஆ குறைக்கணும். மூலக் கோப்பை அழிக்காம, புதுப் பேர்ல. ராத்திரி ஓடவிட்டுட்டுப் படுத்தேன்.

காலையில போட்டோம். அப்பா துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, நிக்காம நடந்து வந்தாரு. ஏழாவது நிமிசத்துல, வேப்பமரத்துக்குத் தெக்கால, காலால மண்ணைத் தட்டிக் காட்டினாரு. அங்க ரெண்டடி தோண்டினோம். டீ விரிசல் விட்டிருந்தது.

உங்க வீட்டுலயும் வீடியோ திக்கினா, லினக்ஸ் சரியில்லைன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி இந்த ரெண்டைப் பாருங்க: வரையறது யாரு, வீடியோ எந்த வகை. அப்புறம் ஒரு நகல் வேற எங்கயாவது வெச்சுக்குங்க. நான் இப்போ மூணு இடத்துல வெச்சிருக்கேன்.

தண்ணி வந்துடுச்சு. அம்மாவுக்குக் குழாயைப் பத்திக் கவலையே இல்லை. சாயங்காலமானா, "அதை இன்னொருக்கா போடு சாமி"ங்கறாங்க.