ஒரு கணனியும் அறுபத்தாறு பேரும்

மலையகத் தோட்டங்களிலே ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்று சொல்வது வழக்கம். நிர்ணயித்த எடைக் கொழுந்தைப் பறிக்க இயலாத நாளுக்கு அரைப்பேர். கடையில் எப்பொருளின் விலையைக் கேட்டாலும், அஃது எத்தனை பேர் என்று மனத்துள் வகுத்துப் பார்க்கும் பழக்கம் என் மாணவியொருத்தியின் தாயாருக்கு உண்டு. விலை என்பதன் மெய்ப்பொருளைப் பல்கலைக்கழக விரிவுரைகள் எனக்கு ஓரளவே உணர்த்தின. அதனைத் தெளிவாக உணர்த்தியவர் அந்த அம்மையாரே. அவ்வனுபவத்தை ஆசிரிய நண்பர்களோடும் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் தமிழ் கற்பிப்பவன். பேராதனையிலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவன். கணனி என்றால் வினாத்தாள் தயாரிக்கும் கருவி என்ற அளவிலேயே என் அறிவு நின்றது. இம்மாணவி உயர்தரப் பரீட்சையிலே சித்தியெய்திய பின்னர், வீட்டிலிருந்தே கற்கத்தக்க வெளிவாரிப் பட்டநெறியொன்றில் மென்பொருள் உருவாக்கம் பயிலச் சேர்ந்தாள். ஆனால் அவளிடம் கணனி இல்லை. செய்நிரல்களைக் கொப்பியில் எழுதிப் பிழை பார்த்து, பின்னர் கைத்தொலைபேசியின் சிறு திரையிலே எழுத்தெழுத்தாகப் பதிந்து இயக்கிப் பார்ப்பாள். தாயார் சீட்டுக் கட்டி 120,000 ரூபா சேர்த்துவிட்டு என்னிடம் வந்தார். "சேர், நீங்க கூட வந்தாத்தான் கடைக்காரங்க ஏமாத்த மாட்டாங்க" என்றார். எனக்கு ஒன்றுந் தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. உடன் சென்றேன்.

அது 2025 ஒக்ரோபர் மாதம். நகரத்துக் கடையொன்றிலே எமக்கு ஒரு விலைப்பட்டியல் தரப்பட்டது: கண்ணாடிப் பக்கமுடைய பெட்டி, உள்ளே நிறம் மாறும் விளக்குகள், தனியான கிராபிக்ஸ் அட்டை, 8 ஜிகாபைற் நினைவகம், மொத்தம் 162,000 ரூபா. குறைபடும் பணத்தைத் தவணையிற் செலுத்தலாம். நான் பிணை நின்றாற் போதுமாம். அறியாமையை மறைக்கும் அவசரத்திலே நான் பேனாவையும் கையிலெடுத்துவிட்டேன். அந்த அம்மையார் மெதுவாகக் கேட்டார்: "சேர், 120 பேர் ஆகுது. இந்த லைட்டெல்லாம் புள்ள படிக்கிறதுக்கு ஒதவுமா?"

2024 இல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி அப்பொழுது 1,350 ரூபாவாக இருந்தது. அவர் கணக்கிலே பிழையில்லை. அவருடைய கேள்விக்கோ என்னிடம் விடையில்லை. பேனாவைக் கீழே வைத்தேன்.

கொழும்பிலே மென்பொருள் நிறுவனமொன்றிற் பணியாற்றும் என் பழைய வகுப்புத்தோழரிடம் அன்றிரவே தொலைபேசியிற் கேட்டேன். அவர் முதலிற் கேட்டது, "அந்தப் பிள்ளை கணனியில் என்ன வேலை செய்யப்போகிறாள்?" என்பதே. விளையாட்டுகளுக்கும் முப்பரிமாணச் சித்திரங்களுக்கும் கிராபிக்ஸ் அட்டை தேவை. செய்நிரல் எழுதுவோர் பெரும்பாலும் எழுத்துக்களையே கையாள்கின்றனர். புரொசசரிலேயே அமைந்துள்ள சித்திரத் திறன் அவர்களுக்குத் தாராளமாகப் போதும். அவர்களுக்கு வேண்டுவது வேறு. செய்நிரலை எழுதும் கருவி, இணைய உலாவி, தரவுத்தளம், எழுதியதை இயங்கும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பி ஆகிய யாவும் ஒரே வேளையிலே திறந்திருக்கும். இவையனைத்தையும் ஒருங்கே தாங்குவது நினைவகம். ஆகவே முதற்பணம் நினைவகத்துக்கே செல்லவேண்டும்; 8 ஜிகாபைற் விரைவிலே திணறும்; 16 வேண்டும்.

இதனை அந்தத் தாயாருக்கு விளக்க முயன்றபோது ஓர் உவமை கிடைத்தது. முதுகிலுள்ள கூடை சிறிதாயின், அது நிரம்புந்தோறும் நிறுக்கும் இடத்துக்கு நடந்து மீள்வதிலேயே பொழுது கழியும். கை எவ்வளவு விரைந்து பறித்தாலும் பயனில்லை. நினைவகம் நிரம்பியவுடன் கணனியும் அவ்வாறே சேமிப்பகத்துக்கு நடக்கத் தொடங்கும். "அப்ப கூட பெருசா இருக்கணும்" என்றார். ஒரு மணிநேர விளக்கத்தை அவர் நான்கு சொற்களில் முடித்துவிட்டார்.

இரண்டாவது, சேமிப்பகம். மென்பொருட் பணியொன்றிலே பல்லாயிரம் சிறு கோப்புகள் இருத்தல் சாதாரணம். சுழலும் வட்டு ஒவ்வொன்றையும் தேடி ஊசியை நகர்த்தவேண்டும், எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மச் சேமிப்பகத்திலே நகரும் உறுப்பே இல்லை. மூன்றாவது, புரொசசர். தொகுத்தல் வேலையைப் பல கருக்கள் பங்கிட்டுச் செய்யும். ஆகவே ஆறு கருக்கள் உள்ளதாயின் நன்று. ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன் 5 5600ஜி என்ற புரொசசரை நண்பர் பரிந்துரைத்தார். 2021 இல் வெளிவந்த அதற்கு ஆறு கருக்கள் உண்டு. சித்திரத் திறனும் உள்ளேயே உண்டு. நினைவகத்தை 16 ஆக ஒரே துண்டில் வாங்காது, 8 ஆக இரு துண்டுகளில் வாங்கினால் இரு வழிகளால் ஒரே வேளையிலே தரவு செல்லும். பழைய திரையொன்றுடன் யாவும் 120,000 ரூபாவுக்குள் அடங்கும் எனத் திட்டமிட்டோம்.

நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளி மலையகத்தைச் சிதைத்தது. மண் சரிந்தது, பாதைகள் அறுந்தன, பல நாள்கள் வேலையில்லை. லயத்துக் கூரையின் ஒரு பகுதியும் போயிற்று. சீட்டுப் பணத்தில் 30,000 ரூபா கூரைத் தகரத்துக்கும் அரிசிக்கும் சென்றது. மீண்டும் நாம் கடைகளுக்குச் சென்றபோது நினைவகத்தின் விலை இரு மடங்குக்கும் மேலாகியிருந்தது.

காரணம் யாது? உலகின் நினைவகச் சில்லுகளிற் பெரும்பகுதியை உற்பத்தி செய்வன சம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று நிறுவனங்களே. செயற்கை நுண்ணறிவுக்கென எழுப்பப்படும் மாபெருந் தரவு நிலையங்கள் அச்சில்லுகளைப் பெருந்தொகையாக வாங்குகின்றன; இலாபம் கூடிய அவ்வாணிபத்தை நோக்கி உற்பத்தி திரும்பியது. 'குறூசியல்' என்ற பெயரிலே பொதுநுகர்வோருக்கு நினைவகம் விற்பதினின்றும் விலகுவதாக மைக்ரோன் நிறுவனம் 2025 டிசெம்பரில் அறிவித்தது. எங்கோ ஒரு நாட்டிலே மூலதனம் திசை திரும்பினால், இங்கே லயமொன்றிலிருக்கும் பிள்ளையின் கூடை சிறுத்துப்போகிறது. உலகச் சந்தை என்ற சொற்றொடரை வகுப்பிலே எத்தனையோ முறை கூறியிருக்கிறேன்; அதன் பொருளை விலைச்சீட்டொன்றிற் கண்டது அன்றுதான்.

புதியதை வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டோம். அலுவலகங்கள் கழித்த கணனிகளைத் தேடினோம். விண்டோஸ் 10 முறைமைக்கான இலவச ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்தமையால், அத்தகைய கணனிகள் கடைகளிலே குவிந்திருந்தன. இங்கும் ஒரு பொறி இருந்தது. "இது ஐ7, அது வெறும் ஐ5தானே" என்று ஒரு விற்பனையாளர் பழைய கணனியொன்றை முன்னே தள்ளினார். பெயரின் பின்னேயுள்ள எண்ணைப் பார்க்கும்படி நண்பர் முன்னரே சொல்லியிருந்தார். 2013 இல் வெளிவந்த ஐ7-4770 நான்காந் தலைமுறையைச் சேர்ந்தது. நான்கு கருக்களே உடையது. 2018 இல் வெளிவந்த ஐ5-8500 எட்டாந் தலைமுறை. ஆறு கருக்கள் உடையது. புதிய விண்டோஸ் 11 ஏற்பதும் இன்ரெலின் எட்டாந் தலைமுறையிலிருந்தே. பின்னதையே எடுத்தோம்.

அதனுள்ளே 8 ஜிகாபைற் நினைவகம் ஏற்கெனவே இருந்தது. விலை ஏறிய காலத்திலே அதுவே பெரும்பேறு. கணனிக்கு 39,000 ரூபா, அதே வகையான இன்னொரு 8 ஜிகாபைற்றுக்கு 10,000, புதிய எஸ்.எஸ்.டி.க்கு 12,000, பழைய திரைக்கு 9,000, மின்தடையின்போது எழுதியதைச் சேமிக்க அவகாசந்தரும் யு.பி.எஸ். கருவிக்கு 9,000, விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் 2,000. எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேய்வது. ஆகவே அதனை மட்டும் பழையதாக வாங்கவில்லை. பணிசெயல் முறைமையாக லினக்ஸை நிறுவினோம், அதற்கு விலையில்லை. குறையும் உண்டு. அத்தகைய சிறு பெட்டிகளின் மின்வழங்கி அந்நிறுவனத்துக்கே உரிய அமைப்புடையது. பழுதுற்றால் கடையிலுள்ள சாதாரண மின்வழங்கி பொருந்தாது. அறிந்தே ஏற்றோம்.

மொத்தம் 81,000 ரூபா. "சரியாக 60 பேர், அம்மா" என்றேன். கணக்குப் போடத் தெரிந்துகொண்டேன் என்ற பெருமிதம் எனக்கு.

இரு கிழமைகளின் பின்னர் லயத்துக்குச் சென்றேன். ஈரச் சுவரோரம், சாக்கினால் மூடிய மேசையொன்றிலே கணனி இருந்தது. அவள் தானே எழுதிய முதலாவது செய்நிரலை இயக்கிக் காட்டினாள். தாயாரின் வேலைநாள்களைப் பதிந்தால் கூலியைக் கணித்துச் சொல்லும் சிறு செய்நிரல் அது. 81,000 எனப் பதிந்தாள். திரையிலே 66 என வந்தது.

"60 தானே?" என்றேன்.

"இல்ல சேர். சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிப்பாங்க. கையில கெடைக்கிறது 1,242 தான். 65 பேருக்கு 80,730. இன்னும் 270 கொறையுது. 66 நாள் மலைக்குப் போகணும்."

அம்மையார் தேநீருடன் வாசலில் நின்றார். நான் பிழை விட்டதை அவர் கடையிலேயே அறிந்திருப்பார். மரியாதை கருதி வாய் திறவாதிருந்திருப்பார். வறியவர் வாழ்வைப்பற்றி மேடையிலும் ஏட்டிலும் பேசும் என்போன்றோர், அவர்களது உழைப்பிலே ஆறு நாள்களை எவ்வளவு எளிதாக மறந்துவிடுகிறோம்!

எங்கள் பாடசாலையிலே மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து இப்பொழுது பழைய கணனிகளைச் சோதிக்கவும் பிரித்துப் பூட்டவும் கற்று வருகிறோம். அடுத்த பிள்ளையோடு கடைக்குச் செல்லும்போது விளக்குகளைக் கண்டு மயங்கமாட்டோம். நாட்கூலியை வகுக்கும்போது கழிவையும் மறக்கமாட்டோம்.