கித்தாருக்கு ஒரு பத்தர்

மின்கித்தாரை மின்சாரம் இல்லாமல் மீட்டிப் பார்த்தவர்களுக்கு ஓர் ஏமாற்றம் நினைவிருக்கும். ஆறு தந்திகளும் முறையாகத்தான் அதிர்கின்றன. விரல்களும் தம் கடமையைச் செய்கின்றன. ஆனால், அறையின் மறுகோடியில் அமர்ந்திருப்பவருக்கு ஏதோ ஒரு பூச்சி சன்னல் கண்ணாடியில் மோதுவது போன்ற ஓசைதான் எட்டுகிறது. பழந்தமிழர் யாழுக்குப் பத்தர் இருந்தது. வீணைக்குக் குடம் இருக்கிறது. மரக்கித்தாருக்கும் உள்ளீடற்ற வயிறு இருக்கிறது. தந்தியின் மெல்லிய அதிர்வை வாங்கிக் காற்றை அசைத்துச் செவியில் சேர்ப்பது அந்தப் பகுதியே. மின்கித்தாரோ பெரும்பாலும் உள்ளீடுள்ள திண்ணிய கட்டையால் ஆனது. அதன் பத்தர் அதன் உடம்பில் இல்லை; நீண்டதொரு கம்பியின் மறுமுனையில், தரையில் தனியே ஒரு பெட்டியாக இருக்கிறது.

அந்தப் பெட்டியை இளைஞர்கள் 'ஆம்ப்' என்பார்கள். தந்தியின் கீழுள்ள காந்தமும் கம்பிச்சுருளும் பிறப்பிக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தைப் பெருக்கும் கருவி ஒன்று. அதைக் காற்றதிர்வாக மாற்றும் கூம்பு ஒன்று. இவ்விரண்டும் ஒரே பெட்டிக்குள் குடியிருப்பதால், 'ஒலிபெருக்கி' என்னும் தமிழ்ச்சொல் வேறெதையும்விட இதற்கே நன்றாகப் பொருந்துகிறது எனலாம்.

கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் இந்தப் பெட்டியால் நேர்ந்தது சொல்லத் தக்கது. அவ்வீட்டு மகன் மூன்றாம் படிவ மாணவன். திருமண விழாக்களில் வாசித்து ஓய்ந்த தாய்மாமன் தம் கித்தாரை அவனுக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு, பழைய கதைகளையும் சேர்த்தே கொடுத்தார். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போனதும், அதன்பின் தீபகற்பம் எங்கும் இளைஞர்கள் கித்தார்க் குழுக்களை அமைத்ததும், மலாய்மொழி அக்குழுக்களுக்குக் 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்' என்பதைச் சுருக்கிக் 'குகிரான்' என்று பெயர் சூட்டியதும் பையனுக்குப் பாடமாயின. ஷேடோஸ் குழுவினரின் பின்னால் நின்ற 'வாக்ஸ்' பெட்டிகளைப் பற்றி மாமன் சொன்னபோது, அவனுடைய கண்களில் ஆசை மின்னியது.

தந்தை தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவர். பலகைச் சுவரின் அப்பால் ஒருவர் இருமினால் இப்பால் உள்ளவர் விழித்துக்கொள்ளும் வீடு அது. ஆயினும், கடைக்குச் சென்றபோது அந்த அனுபவம் அவருக்குத் துணைவரவில்லை. அரிசியானாலும் துணியானாலும் கொடுத்த காசுக்கு மிகுதியாக வாங்குவதே சிறப்பு என்று பழகியவர் அவர். 10 வாட்டுப் பெட்டியும் பழைய 50 வாட்டுப் பெட்டியும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைத்தால் எதைத் தூக்கி வருவார்? 12 அங்குலக் கூம்பும் வெற்றிடக் குழல்களும் கொண்ட, இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய அந்தப் பெட்டி வீட்டின் முன்னறைக்கு வந்து சேர்ந்தது.

வாட்டு என்பது ஓசையின் அளவு அன்று, ஆற்றலின் அளவு. ஆற்றல் பத்து மடங்கானால் ஒலி 10 டெசிபெல் உயரும். மனிதச் செவி அதை ஏறத்தாழ இரு மடங்கு உரப்பாகத்தான் உணரும். எனவே 50 வாட்டுப் பெட்டி, மற்றவை ஒத்திருந்தால், 5 வாட்டுப் பெட்டியைவிடப் பத்து மடங்கு அன்று, இரு மடங்கே உரக்க ஒலிக்கும். அப்படியானால் 5 வாட்டு சிறிதா? அதுவும் இல்லை. கித்தாருக்கென்று செய்யப்படும் கூம்புகள் ஒரே ஒரு வாட்டைக் கொடுத்தாலே ஒரு மீட்டர் தொலைவில் 95 டெசிபெலுக்கு மேல் முழங்கும் தன்மையுடையவை. இருவர் உரையாடும் ஓசை 60 டெசிபெல் அளவினது. வீட்டில் வேண்டிய 70 டெசிபெல் ஓசைக்கு ஒரு வாட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய ஆற்றல் போதும். எஞ்சிய நாற்பத்தொன்பது சொச்சம் வாட்டும் வாங்கியவருக்குப் பெருமை தருவதன்றி வேறு பயன் தருவதில்லை.

பெருமையோடு போகட்டும் என்றால், தொல்லையும் உண்டு. பெரிய பெட்டியின் குமிழைத் தொடக்கத்தில் ஒரு மயிரிழை திருப்பினால் அமைதி. இன்னொரு மயிரிழை திருப்பினால் ஆரவாரம். இடைப்பட்ட நிலையைப் பிடிப்பது கம்பத்தில் நடப்பவன் வேலை. மேலும், வெற்றிடக் குழல் பெட்டிகளின் புகழ்பெற்ற இனிமை, அவற்றை ஓரளவு வருத்தி வேலை வாங்கும்போதுதான் பிறக்கும். அதனால்தான் ஒலிப்பதிவுக் கூடங்களில் சிறிய பெட்டிகளுக்கு எப்போதும் மதிப்பு இருந்து வந்தது. எரிக் கிளாப்டன் 1970இல் 'லைலா' இசைத்தொகுப்பைப் பதிவு செய்தபோது பயன்படுத்தியது ஃபெண்டர் நிறுவனத்தின் 'சாம்ப்' என்னும் சிற்றுருப் பெட்டி என்பர். அதில் இருந்தது 8 அங்குலக் கூம்பு ஒன்று, ஏறத்தாழ 5 வாட்டு ஆற்றல். அதைச் செய்த லியோ ஃபெண்டர் வானொலி பழுது பார்த்தவர். கித்தார் வாசிக்கத் தெரியாதவர்! வாசிக்கத் தெரியாதவர் செய்து கொடுத்ததை வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்றளவும் தேடுகிறார்கள்.

கிள்ளான் வீட்டுக்குத் திரும்புவோம். ஒட்டிய வீட்டில் இருந்தவர் மருத்துவமனைத் தாதி. இரவுப் பணி முடிந்து காலையில் வந்து, பகலெல்லாம் உறங்கி, மாலையில் எழுபவர். பையன் முதல்நாள் பெட்டியை முடுக்கி ஒரே ஒரு சுருதிக் கூட்டை இசைத்தான். பேழையில் இருந்த கண்ணாடிக் குவளைகள் கலகலத்தன. அப்பால் ஒரு கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. அவ்வளவுதான். அந்த அம்மையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை நன்றாக இருந்திருக்கும். பையனோ நாணம் மிகுந்தவன். குமிழை அடியோடு தாழ்த்தினான். ஒலி உயிரற்றுப் போனது. சில வாரங்களில் கித்தார் அலமாரியின் ஓரம் சாய்ந்தது. பெட்டியின்மேல் சலவைத் துணிகள் குவிந்தன. பிள்ளைக்கு ஆர்வம் குன்றிவிட்டது என்று தந்தை எண்ணினார். பள்ளிகளிலும் இப்படிப்பட்ட தீர்ப்புகள் நாள்தோறும் வழங்கப்படுகின்றன.

தாழ்த்தியதும் ஒலி உயிரற்றுப் போனதற்குப் பையன் பொறுப்பல்லன். ஃபிளெட்சர், மன்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1933இல் வெளியிட்ட முடிவு இது: ஓசை குறையக் குறைய மனிதச் செவி தாழ்ந்த சுரங்களை மிக விரைவாக இழக்கிறது. உரக்க ஒலிக்கும்போது நிறைவாகத் தோன்றும் அதே இசை, மெல்ல ஒலிக்கும்போது மெலிந்து போகும். வீட்டுக்கென அமைந்த நல்ல சிறு பெட்டிகள் இதை அறிந்து செய்யப்படுகின்றன. யமாஹா நிறுவனம் 2011இல் வெளியிட்ட 'டி.எச்.ஆர்.' வரிசை மேடையைக் கருதாமல் வீட்டு மேசையைக் கருதியே உருவானது. ரோலண்டின் 'மைக்ரோ கியூப்' 5 அங்குலக் கூம்போடு மின்கலங்களிலும் இயங்கியது. 2016இல் வந்த 'பாஸ் கட்டானா' போன்றவற்றில் 50 வாட்டை அரை வாட்டாகக் குறைத்துக்கொள்ளும் விசை இருந்தது. குமிழைத் தாராளமாகத் திருப்பலாம், சுவர் அதிராது.

மாமன் ஒருநாள் வந்து துணிக்குவியலைக் கண்டார். பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தவர் திடுக்கிட்டார். அது 120 வோல்ட்டுக்கென அமெரிக்காவில் செய்யப்பட்டது. மலேசியாவின் மின்சாரமோ 230 வோல்ட்டு. இடையில் ஒரு மின்மாற்றியை வைத்துத்தான் கடைக்காரர் விற்றிருந்தார். அதை மறந்து யாரேனும் நேராகச் செருகியிருந்தால் பெட்டி கருகியிருக்கும். ஜப்பானில் வாங்கியவை 100 வோல்ட்டுக்கு உரியவை. பழம்பெட்டி வாங்குவோர் இசையைக் கேட்பதற்கு முன் இந்த எண்ணைப் படிப்பது நலம். வெற்றிடக் குழல் பெட்டியை வீட்டில் திறந்து பார்க்கவே கூடாது. செருகியைப் பிடுங்கிய பின்னரும் உயிர்க்கேடு விளைவிக்கும் மின்னழுத்தம் அதன் மின்தேக்கிகளில் தங்கியிருக்கக்கூடும்.

மூவரும் மீண்டும் கடைக்குச் சென்றனர். இம்முறை மாமன் சொற்படி, பையனின் கித்தாரையே எடுத்துச் சென்றனர். கடைப்பையன்களின் வாசிப்பை நம்பி வாங்குவது, சமையற்காரரின் கைத்திறனைக் கண்டு அடுப்பை வாங்குவதை ஒக்கும். அவர்கள் உரக்கவும் விரைவாகவும் வாசிப்பார்கள். அந்த வேகத்தில் பெட்டியின் குறை எதுவும் வெளிப்படாது. பையன் ஒரு மூலையில் அமர்ந்து, பேச்சொலி அளவுக்குக் குமிழை வைத்து, ஒவ்வொரு தந்தியாக மீட்டினான். 6 அங்குலப் பெட்டியில் தடித்த தந்தி தட்டையாகக் கேட்டது. 8 அங்குலத்தில் அது உருண்டு வந்தது. அரை வாட்டுக்கு இறங்கும் விசையும் அதில் இருந்தது. காதொலிப்பான் செருகும் துளையும் இருந்தது. அது நள்ளிரவுக்கு உதவும். ஆனால், எந்நேரமும் காதை மூடிக்கொண்டு வாசிக்கும் பிள்ளையின் வளர்ச்சியை வீட்டார் எப்படி அறிவார்கள்? பழைய பெட்டியைக் கொடுத்துச் சில நூறு வெள்ளி கூட்டி, பையன் ஒரு கையாலேயே தூக்கி வந்தான்.

அதை வைத்த இடத்திலும் சிறிது எண்ணம் வேண்டியிருந்தது. தரையில் வைத்தால் கூரிய ஒலிகள் கணுக்காலோடு போய்விடும். மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலிகள் பருத்துச் சுவரைக் கடக்கும். ஒரு நாற்காலியில், கனத்த துண்டை மடித்து விரித்து, செவி மட்டத்துக்குச் சாய்த்து வைத்தனர். தாதி பணிக்குப் புறப்படும் முன், மாலை ஆறு மணிக்கு, நாள்தோறும் அரை மணி நேரம் என்று பையனே வகுத்துக்கொண்டான்.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். வேலியோரம் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்த பாட்டியிடம் அந்தத் தாதி கேட்டாராம்: "ஏன் பாட்டி, உங்கள் பேரன் மாலையில் வாசிக்கிற பாட்டைத் தினமும் பாதியிலேயே நிறுத்திவிடுகிறானே, ஏன்?"

இரவு உணவின்போது பாட்டி இதைச் சொன்னார். பையனின் முகம் சிவந்தது.

"மறுபாதி இன்னும் கைக்கு வரவில்லை, பாட்டி" என்றான்.

தந்தை எழுந்து சென்று, நாற்காலியைச் சுவரிலிருந்து இன்னும் ஒரு முழம் தள்ளிப் போட்டார்.