நாகலிங்க மரத்தின் பூர்வீகம்

திருவனந்தபுரத்துப் பழவங்காடி கணபதி கோயிலைச் சுற்றியுள்ள பூக்கடைகளில் தொங்கும் மல்லிகை, பிச்சிச் சரங்கள் தோவாளைச் சந்தை வழியாக வருபவை என்பதை அங்குள்ளோர் அனைவரும் அறிவர். இதழ் தடித்திருப்பதால் சரமாகத் தொடுக்கப்படாமல், தனிப்பூவாகவே சிவலிங்கத்துக்குச் சாத்தப்படும் நாகலிங்கப் பூவின் வரலாறு அவ்வளவு எளிதன்று. கோயில் வளாகங்களில் ஓங்கி நிற்கும் அம்மரத்தைக் காண்போர் அதனைத் தொன்மையான தலமரமாக, அதாவது ஒரு கோயிலுக்கே உரியதென வழிபடப்படும் மரமாகக் கருதுவது இயல்பே. இக்கருத்தைச் சோதிப்பதற்கான முதற்சான்று அதே நகரில் உள்ள கேரளப் பல்கலைக்கழகத்தின் வெளியீடுகளிலேயே கிடைக்கிறது.

கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய உள்ளூர் வைத்தியர்களின் துணையுடன் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸ்' என்னும் இலத்தீன் நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சேறியது, அதனைக் கா. சு. மணிலால் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் பெயர்க்க, இப்பல்கலைக்கழகம் பதிப்பித்தது. கொன்றையும் அசோகமும் அதில் படங்களுடன் இடம்பெற்றுள்ளன. நாகலிங்கத்தின் குடும்பத்தைச் சேர்ந்த சமுத்திரப்பழ மரமும், மலையாளிகள் பேழு என்னும் மரமும்கூட அதில் உள்ளன. நாகலிங்கம் மட்டும் இல்லை. ஒரு நூல் குறிப்பிடவில்லை என்பதால் மட்டும் ஒரு மரம் இல்லை என்றாகிவிடாது. ஆயினும், போர்த்துகீசியர் கப்பலில் கொண்டுவந்த முந்திரியைக்கூடத் தவறவிடாத தொகுப்பாளர்கள், அடிமரம் முழுவதும் செந்நிறப் பூக்கள் மொய்க்கும் ஒரு மரத்தைக் காணாமல் விட்டனர் என்பதை நம்புவது கடினம்.

அடுத்த சான்று இன்னும் உறுதியானது. இம்மரத்துக்கு அறிவியல் பெயரிட்டு முதன்முதலில் விவரித்தவர் ஒப்லே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளர். அவர் அதனைக் கண்டது தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில். அவரது நூல் வெளிவந்த ஆண்டு 1775. இதன் பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியில், அடங்கும் மூன்று இனங்களும் மத்திய, தென் அமெரிக்கக் காடுகளுக்கே உரியவை. ஆகவே கொலம்பஸின் 1492ஆம் ஆண்டுப் பயணத்துக்கு முன் இம்மரம் தமிழகத்திலோ திருவிதாங்கூரிலோ நின்றிருக்க வழியில்லை என்று கொள்வதே பொருந்தும்.

எனினும், வந்தேறிய மரத்துக்கு இவ்வளவு புனிதம் எப்படி ஏற்பட்டது என்பதற்குப் பூவே விடை தருகிறது. ஆறு இதழ்களின் நடுவே சூலகத்தைச் சுற்றி மகரந்தத் தாள்கள் ஒரு வளையமாக அமைய, வளையத்தின் ஒரு பக்கம் நீண்டு மேலே வளைந்து படம் எடுத்ததுபோல் கவிகிறது. லிங்கமும் அதற்குக் குடை பிடிக்கும் நாகமும் பக்தரின் கண்ணுக்குத் தெரிகின்றன. பூவில் தேன் இல்லை. படத்தில் உள்ள மகரந்தம் முளைக்கும் திறனற்றது, வண்டுக்கு உணவாவது. அதைத் திரட்ட உள்ளே நுழையும் தச்சன் வண்டின் முதுகில் வளையத்தின் வளமான மகரந்தம் ஒட்டிக்கொண்டு மற்றொரு பூவுக்குச் செல்கிறது. இலங்கையில் இதே மரம் புத்தரின் சால மரமாகக் கொள்ளப்பட்டு விகாரைகளில் நடப்படுகிறது. உண்மையான சாலம் வட இந்தியக் காடுகளின் வேறொரு மரமாகும்.

வளர்ப்பு முறையும் பிறந்த நிலத்தையே நினைவூட்டுகிறது. நல்ல வெயிலும் நீர் தேங்காத ஈரமண்ணும் இதற்கு ஏற்றவை. முற்றி விழுந்து உடைந்த காயின் வெண்சதை காற்றுப் பட்டதும் நீலம் பாய்ந்து நாறும். அதிலிருந்து மயிரடர்ந்த விதைகளை எடுத்துக் கழுவி, காயவிடாமல் உடனே விதைப்பது நல்லது. ஆண்டில் ஒருமுறைக்கு மேலும் இலைகள் ஒருசேர உதிர்ந்து சில நாட்களில் மீண்டும் துளிர்ப்பதுண்டு. அதனை நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. அடிமரத்திலிருந்து கயிறுபோல் தொங்கும் காம்புகளைக் காய்ந்த சுள்ளிகள் என எண்ணி வெட்டிச் சுத்தம் செய்வதுதான் பெரும் தவறு, ஏனெனில் பூக்கள் அக்காம்புகளில்தான் தோன்றுகின்றன. பீரங்கிக் குண்டு போன்ற காய்கள் முன்னறிவிப்பின்றி விழுவதால், தலமரம் என்னும் மதிப்பைக் கருதிப் பிரகாரத்தின் நடைபாதையை ஒட்டி இதனை நடுவதைவிட, ஆட்கள் நிற்காத மூலையில் நட்டு அடியில் வேலியிடுவதே தகும்.