காணாமற்போன ஒன்பது படங்கள்

இந்த மாதம் ஒரு கருத்தரங்கிற்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்புவதாக இருந்தேன், அனுப்பவில்லை. காரணம் கேட்ட நண்பர்களுக்குத் தனித்தனியே விளக்குவதைவிட இங்கே எழுதிவிடுவது நல்லது. படங்களை வரிசையாகக் கோத்துக் காணொளியாக்கும் வேலை உங்களுக்கு இருந்தால், நீங்கள் எந்தத் துறையினராயினும், இது பயன்படக்கூடும்.

என் ஆய்வு மலையாளத்தின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்து ஒலிகளைப் பற்றியது. தமிழின் பெரும்பாலான வட்டாரங்களில் ரகர றகர வேறுபாடு பேச்சில் மங்கிவிட்டது. மலையாளத்தில் ‘கரி’யும் ‘கறி’யும் இன்றும் காதுக்கு வேறு வேறு. இவ்வொலிகளில் நா எப்படி அசைகிறது என்பதை மீயொலிக் கருவியால் பதிவு செய்கிறேன். மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் அதே வகைக் கருவிதான். அதன் முனையைத் தாடைக்கு அடியில் வைத்தால் நாவின் மேற்பரப்பு ஒரு வெண்கோடாகத் திரையில் தெரியும். நொடிக்கு 60 படங்கள். ஒவ்வொன்றும் வரிசை எண்ணுடன் தனித்தனிப் பிஎன்ஜி கோப்பாகச் சேரும். ஒலி தனியே பதிவாகும்.

இளையவர்களை எங்கள் ஆய்வகத்திலேயே பதிவு செய்தேன். முதியவர்களைப் பாலக்காட்டுப் பக்கத்துச் சிற்றூர்களில், அவரவர் வீட்டில், என் பழைய மடிக்கணினியைக் கொண்டு பதிவு செய்தேன். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

ஒலியோடு சேர்த்துப் பார்த்துக் குறியிடுவதற்குப் படங்களைக் காணொளியாக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தினேன். முதல் முயற்சியில் 40 நொடிப் பதிவு 96 நொடிக் காணொளியாக வந்தது. நொடிக்கு எத்தனை படம் என்று நாம் சொல்லாவிட்டால் அது 25 என்று எடுத்துக்கொள்ளும்; 2400 படங்களை 25ஆல் வகுத்தால் 96. படங்களை உள்ளிடுவதற்கு முன்பே 60 என்று குறிப்பிட்டதும் அது சரியாயிற்று. அந்த எண்ணை வெளியீட்டுப் பக்கத்தில் கொடுத்தால் பயனில்லை. 96 நொடி அப்படியே இருக்கும், அதை நிரப்பப் படங்கள் மட்டும் இரட்டிக்கும்.

அடுத்து, காணொளி ஓர் இயக்கியில் ஓடியது; குறியிடும் மென்பொருளில் வெறும் கறுப்புத் திரையாக நின்றது. நாவின் படம் சாம்பல் நிறமே ஆனாலும் கருவி அதை வண்ணப் படமாகச் சேமிக்கிறது. அதிலிருந்து எச்.264 காணொளி செய்யும்போது, ஒவ்வொரு புள்ளிக்கும் தனி வண்ணத் தகவல் வைக்கும் 4:4:4 முறை தானாகத் தேர்வாகியிருந்தது. பல இயக்கிகள் நான்கு புள்ளிகளுக்கு ஒரு வண்ணத் தகவல் வைக்கும் 4:2:0 முறையை மட்டுமே அறியும். அம்முறையைக் கேட்டேன். உடனே ‘அகலம் இரண்டால் வகுபடவில்லை’ என்ற பொருளில் பிழைச் செய்தி வந்தது. என் படங்கள் 413க்கு 327 புள்ளிகள். இரண்டுக்கு இரண்டாகப் புள்ளிகளைக் கூட்டும் முறைக்கு இரு பக்கமும் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும். பலரும் இந்த இடத்தில் படத்தின் அளவை மாற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எல்லாப் புள்ளிகளும் மறுபடி கணக்கிடப்படும். அளவீட்டுக்கு அது ஆகாது. ஓரத்தில் ஒரு வரிசை கறுப்புப் புள்ளிகளைச் சேர்த்து 414க்கு 328 ஆக்கினால் உள்ளிருக்கும் படம் தீண்டப்படாமல் இருக்கும்.

இவை எல்லாம் பேசும் பிழைகள். எரிச்சலூட்டின, ஆனால் ஒன்றும் கெடுக்கவில்லை.

முதியவர்களின் பதிவுகளுக்கு வந்தபோது ஒரு காணொளி ஏழு நொடியில் முடிந்துவிட்டது. 436ஆம் எண் படத்திற்குப் பின் 446 இருந்தது. எண் வரிசைப்படி படிக்கும் முறை, இடைவெளி கண்ட இடத்தில் நின்றுவிட்டது. ‘குளோப்’ என்னும் வேறொரு முறை உண்டு. கோப்புறையில் இருக்கும் படங்களைப் பெயர் வரிசையில் எடுத்துக்கொள்ளும், இடைவெளியைப் பொருட்படுத்தாது. அதைப் பயன்படுத்தினேன். காணொளி முழுமையாக வந்தது. எல்லாப் பதிவுகளுக்கும் அதையே ஓடவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒன்பது படம் என்பது 0.15 நொடி. 40 நொடிக் காணொளியில் அது குறைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு ழகரம் ஒலிக்கும் நேரமே பொதுவாக அதைவிடக் குறைவு. அந்த இடத்திற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சொல்லிலும் படம் ஒலியை முந்திக்கொண்டு ஓடியது.

அதன் விளைவாக எனக்கு ஓர் அழகான கண்டுபிடிப்பு கிடைத்தது. முதியவர்கள் ‘மழ’ என்று சொல்லும்போது முந்தைய உயிரொலி தொடங்குவதற்கு முன்பே நா ழகரத்திற்காகப் பின்வாங்கத் தொடங்குகிறது. இளையவர்களிடம் அப்படி இல்லை. தலைமுறை மாற்றம்! மூன்று வரைபடங்கள் தயாராயின. சுருக்கத்தின் முதல் பத்தியை நான்கு முறை மெருகேற்றினேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு மூதாட்டியின் பதிவைத் தேர்ந்தெடுத்தபோதுதான் இடறியது. நான்காம் நொடியில் அவர் சொன்ன ‘மழ’யில் நா முந்தவில்லை; இருபதாம் நொடியில் சொன்ன அதே ‘மழ’யில் முந்தியது. ஒரே ஆள், ஒரே சொல். ‘கறி’ என்ற சொல்லைத் தேடினேன். ககர வெடிப்பு காதில் விழும் கணத்தில் பின்னா அண்ணத்தை விட்டு அகல வேண்டும். படத்திலோ அது முன்பே அகன்றுவிட்டிருந்தது. எந்த மொழியிலும் அப்படி நடக்காது. கோப்புறையைத் திறந்து படங்களை எண்ணினேன்: 2391.

பாலக்காட்டுப் பதிவுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இத்தகைய இடைவெளிகள் இருந்தன. என் மடிக்கணினியின் வட்டு, நொடிக்கு 60 படங்களை எழுதி முடிக்க இயலாமல் அவ்வப்போது சிலவற்றைக் கைவிட்டிருக்கிறது. ஆய்வகக் கணினியில் அந்தச் சிக்கல் இல்லை. நான் தலைமுறை வேறுபாடு என்று கண்டது இரண்டு கணினிகளின் வேறுபாடு. நெறியாளரிடம் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. “மீதிப் பதிவுகளையும் எண்ணிவிட்டாயா?” என்று மட்டும் கேட்டார்.

எண்ணினேன். விடுபட்ட இடங்களில் முந்தைய படத்தையே மறுபடி வைக்கலாம் என்று முதலில் தோன்றியது. ஆனால் அது ‘நா அசையாமல் இருந்தது’ என்று பொய் சொல்வதாகும். சிதைந்த எழுத்துகளின் இடத்தில் கல்வெட்டுப் பதிப்பாசிரியர்கள் புள்ளியிட்டு விடுவதைப் போல, அங்கே வெறும் கறுப்புப் படத்தை வைத்தேன். காலக்கணக்கும் நேரானது, இழப்பும் மறையவில்லை. மறுபடி அளந்தபோது தலைமுறை வேறுபாடு கரைந்துவிட்டது.

அந்த வாரம் இன்னொன்றையும் கவனித்தேன். எச்.264 எல்லாப் படங்களையும் முழுமையாக வைப்பதில்லை. இடையிடையே ஒரு முழுப் படம். மற்றவற்றில் பெரும்பாலும் மாற்றங்கள் மட்டும். நாம் சொல்லாவிட்டால் முழுப் படங்களுக்கிடையே 250 படங்கள் வரை செல்லலாம். கண்ணுக்குப் புலப்படாது என்று கருதும் நுண்ணிய வேறுபாடுகளை அது நீக்குகிறது. நாநுனியின் மங்கலான விளிம்பு அத்தகைய நுண்ணிய வேறுபாடுதான். எனவே இப்போது பார்ப்பதற்கு எச்.264 படி ஒன்று; அளப்பதற்கு இழப்பில்லாத எஃப்எஃப்வி1 படி ஒன்று. வண்ண முறையை மாற்றாமல் செய்த அந்தப் படியை, ஒவ்வொரு ஃபிரேமின் எம்டி5 மதிப்பையும் கணித்து மூலப் படங்களோடு ஒப்பிட்ட பிறகே பயன்படுத்துகிறேன். மூலப் படங்களை அழிப்பதில்லை.

இதே வேலையில் இறங்கும் இளைய ஆய்வாளர்களுக்கு ஒரே வேண்டுகோள். கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து ஒன்றைக் கூட்டுங்கள். அது கோப்புறையிலுள்ள படங்களின் எண்ணிக்கைக்கும், காணொளியிலுள்ள ஃபிரேம்களின் எண்ணிக்கைக்கும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் குறியிடத் தொடங்காதீர்கள்.

பதிவு முடிந்து கழுத்திலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டே அந்த மூதாட்டி, தான் சரியாகச் சொன்னேனா என்று என்னிடம் கேட்டார். எங்கள் துறையில் சரி, தவறு என்று எதுவும் இல்லை என்று பாடப்புத்தகம் போலப் பதில் சொன்னேன். என் வட்டின் தாமதத்தை அவருடைய நாவின் மீது ஏற்றி ஓர் அரங்கில் படிக்க இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

இடைவெளிகளைக் கண்டு கறுப்புப் படம் வைக்கும் சிறு நிரலை எழுதியிருக்கிறேன். வேண்டுவோர் கேளுங்கள், அனுப்புகிறேன்.