பேயா, நோயா?

"படம் எப்படி?" என்று கேட்பவர்க்கு நம் திறனாய்வாளர்கள் தரும் விடைகள் இரண்டே. நன்று என்பர், அல்லது நன்றன்று என்பர். ஒளிப்பதிவு அருமை, இசை மிரட்டல், இடைவேளைக்குப் பின் தொய்வு என்று அளந்து காட்டி, ஐந்துக்கு மூன்று என மதிப்பெண்ணும் போட்டுக் கணக்கை முடித்துவிடுவர். விடைத்தாள் திருத்திப் பழகிய கை என்னுடையது. விடை சரியா, தவறா என்று மட்டும் பார்ப்பது போதாது. மாணவன் எந்த வழியில் அவ்விடைக்கு வந்து சேர்ந்தான் என்று பார்ப்பதே ஆசிரியர் பணி. கதைகளையும் அப்படித்தான் திருத்த வேண்டும் என்பது என் துணிபு.

அச்சமூட்டும் படம், மர்மத் தொடர், துப்பறியும் புதினம் ஆகிய மூன்றையும் தேடித் தேடிச் சுவைக்கும் இளைஞர் கூட்டம் நம் நாட்டில் பெரிது. நானும் அக்கூட்டத்தில் ஒருத்தி. ஆகவே இவை வெறுத்து ஒதுக்குபவளின் வரிகள் அல்ல. விரும்பிச் சுவைப்பவளின் வழக்கு.

1929-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரொனால்டு நாக்ஸ் என்பவர் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். இயற்கைக்கு மீறிய ஆற்றல் எதுவும் கதைக்குள் நுழையலாகாது என்பது அவற்றுள் ஒன்று. சொன்னவர் நாத்திகரோ? இல்லை, கத்தோலிக்கப் பாதிரியார்! ஆர்தர் கானன் டாயில், இறந்தோரின் ஆவியோடு பேச முடியும் என்று நம்பியவர். பின்னாளில் மேடைதோறும் ஏறி அதைப் பரப்பியவர். ஆயினும் 1902-இல் நூலாக வெளிவந்த அவருடைய 'பாஸ்கர்வில்ஸ் வேட்டைநாய்' கதையில், வாயில் தீ கக்கிய பேய்நாய் இறுதியில் என்னவாயிற்று? பாஸ்பரஸ் பூசிய வெறும் நாயாயிற்று! கோயிலுக்குப் போகிறவரும் ஆவியை நம்புகிறவரும்கூடக் கதைக்குள் வந்தால் காரணத்துக்குக் கட்டுப்பட்டனர். "ஏன் என்று கேள்" எனக் கைபிடித்து அழைத்துச் சென்ற கதை, முடிவில் "கேளாதே" என்று வாயைப் பொத்துமானால் அது வாசகனுக்குச் செய்யும் வஞ்சகம்.

மாயாஜாலம் கூடாது என்பதல்ல என் வாதம். விட்டலாச்சாரியாவின் படங்களில் பூதம் வரும், மோகினி வருவாள், எலும்புக்கூடு நடனமாடும். பார்க்கும் சிறுவனுக்கும் அது விளையாட்டு என்று தெரியும். அங்கே ஏமாற்று இல்லை. காரணத்தைத் தேடுவதாகப் பறைசாற்றிப் புறப்பட்டு, பாதி வழியில் காரணத்தைக் கைவிட்டு ஓடும் கதையைத்தான் நான் கூண்டில் ஏற்றுகிறேன்.

அதற்கு நம் தஞ்சையோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. 1993-இல் பாசில் இயக்கத்தில் 'மணிச்சித்ரத்தாழு' என்ற மலையாளப் படம் வந்தது. பூட்டிய அறை, பழைய மாளிகை, நள்ளிரவில் சலங்கையொலி. அம்மாளிகையில் உலவுவதாகச் சொல்லப்படும் நாகவல்லி யார்? தஞ்சாவூரிலிருந்து கொண்டு செல்லப்பட்ட ஆடற்பெண்! அக்கதையே கன்னடத்தில் 2004-இல் 'ஆப்தமித்ரா' ஆயிற்று, 2005-இல் பி. வாசு இயக்கத்தில் தமிழில் 'சந்திரமுகி' ஆயிற்று. 2007-இல் இந்தியில் 'பூல் புலையா' ஆயிற்று. இவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள், ஒரு விந்தை புலப்படும். மலையாளப் படத்தில் பேய் தமிழ் பேசுகிறது. தமிழ்ப் படத்தில் தெலுங்கு பேசுகிறது. கன்னடப் படத்திலும் தெலுங்கே பேசுகிறது. இந்திப் படத்தில் வங்காளம் பேசுகிறது. பேய்க்குக்கூட நம் ஊரில் பிறப்புரிமை இல்லை! அது எப்போதும் அயலூர்க்காரி, ஆடிப் பிழைத்தவள், ஆதிக்கக்காரன் ஒருவன் தூக்கி வந்து சிறை வைத்துக் கொன்றுபோட்ட பெண். கொன்றவன் எண்ணெய்ச் சித்திரமாகச் சுவரில் தொங்குகிறான். கொல்லப்பட்டவளைக் கண்டுதான் ஊர் அஞ்சுகிறது.

இருந்தும் அம்முதற் படங்கள் ஒரு பெருந்தொண்டு செய்தன. பேய் என்று வீடே அலறியபோது, மனநல மருத்துவர் ஒருவர் வந்து, "இது நோய்" என்றார். சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடிய படத்தில், கோடிக்கணக்கானோர் போற்றும் நடிகர் ரஜினிகாந்தின் வாயால் அச்சொல் வந்தது. நூறு துண்டறிக்கை செய்ய முடியாததை அந்த ஒரு காட்சி செய்தது. குறைகள் இல்லாமல் இல்லை. மந்திரம் ஓதுபவரின் மேடையைக் கடன் வாங்கித்தான் மருத்துவர் தம் சிகிச்சையை நடத்துகிறார். ஓர் இரவு நாடகத்தில் மனநோய் தீர்ந்துவிடுவதாகக் காட்டுவதும் மருத்துவம் ஆகாது. ஆனால் வழி சரி. விடையில்தான் சிறு பிழைகள். தாராளமாக மதிப்பெண் இடலாம்.

பின்னர் வந்தது வீழ்ச்சி. 2022-இல் 'பூல் புலையா'வின் இரண்டாம் பாகம். 2023 செப்டம்பரில் 'சந்திரமுகி'யின் இரண்டாம் பாகம். இரண்டிலும் ஆவி மெய்யாகவே வந்துவிட்டது! முதற் படத்தில் மருத்துவர் அரும்பாடுபட்டு விரட்டிய இருளை, இரண்டாம் படம் வாயிலைத் திறந்து வரவேற்று உள்ளே அமர்த்தியது. 'சந்திரமுகி 2'-ஐ இயக்கியவரும் அதே பி. வாசு. ஏடுகள் என்ன எழுதின? நகைச்சுவை எடுபடவில்லை, வரைகலை போதவில்லை என்று எழுதின. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் தமிழ்த் திரை சொன்ன ஓர் உண்மையை அது தானே மறுதலித்ததைப் பற்றிப் பேசினோர் மிகச் சிலரே.

"கதைதானே, இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்பீர். கதை திரையோடு நின்றுவிட்டால் நானும் வாய் திறவேன்.

என் வகுப்பில் ஒரு பெண். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். காவிரியின் கிளை வாய்க்கால் ஒன்றின் கரையில் உள்ள சிற்றூர் என்பது போதும். குறுவை நடவு நடந்துகொண்டிருந்த நாட்களில் அவள் உறக்கம் இழந்தாள், உணவை மறுத்தாள், ஒரு நாள் மயங்கி விழுந்து, எழுந்தபோது தன் குரல் மாறிப் பேசினாள். உச்சி வேளையில் மதகடிப் பக்கம் போனதால் வந்த வினை என்றது தெரு. உடுக்கை வந்தது, வேப்பிலை வந்தது, பிரம்பும் வந்தது. "யார் நீ? எந்த ஊர்க்காரி?" என்ற அதட்டலுக்கு, சில ஆண்டுகளுக்கு முன் கணவன் வீட்டுக் கொடுமை தாளாது ஆற்றில் விழுந்து மாண்ட ஒருத்தியின் பெயரை அச்சிறுமி முனகினாள். அவளுக்கோ அப்போது பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மணம் முடிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாண்டவளின் பெயர் அவள் நாவில் ஏன் வந்தது என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

நான் போனபோது தாய் என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய்த் தணிந்த குரலில் கேட்டாள்: "டீச்சர், சந்திரமுகி படத்துல ரஜினி டாக்டரா வந்து சொல்லுவாரே, அது மாதிரி இதுவும் ஒரு நோவா இருக்குமோ?" பள்ளிக்கூடப் படியேறாத அத்தாய்க்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தது எது? நம் பாடநூலா? நம் மேடைப்பேச்சா? ஒரு திரைப்படம்! என் நெஞ்சு குளிர்ந்த அந்த நொடியிலேயே, பின்னால் வந்து நின்ற சிறுமியின் மாமன் சொன்னார்: "அதான் ரெண்டாவது படத்துல பேய் நெசந்தான்னு அவங்களே காட்டிட்டாங்கல்ல, டீச்சர்?"

என்ன விடை சொல்வேன்? கதையை மாற்றியவர்களுக்கு அது வணிகம். அந்தக் கொல்லைப்புறத்தில் அது ஒரு சிறுமியின் உயிர். இரண்டு நாள் வாதாடி, மூன்றாம் நாள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவளை அழைத்துச் சென்றோம். மருத்துவர் பிரம்பைக் கேட்கவில்லை. அவளைப் பேசவிட்டுக் கேட்டார். மருந்து கொடுத்தார், மணப்பேச்சை நிறுத்தச் சொன்னார். இன்று அவள் பள்ளிக்கு வருகிறாள்.

வராதவர்களும் உண்டு, தோழர்களே! 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளர்களை வைத்திருந்த தனியார் விடுதியின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. எழுந்து ஓட அவர்களால் முடியவில்லை, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். நோய் என்று உணராமல், சங்கிலியும் நேர்த்தியும் தீர்க்கும் என்று நம்பி விட்டுச் சென்ற சுற்றத்தார் எத்தனை பேர்! 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. 2022 முதல் 14416 என்ற எண்ணை அழைத்தால் மனநல ஆலோசனை கிடைக்கிறது. சட்டம் வந்துவிட்டது, எண்ணும் வந்துவிட்டது. எண்ணம் வர வேண்டுமே! அந்த எண்ணத்தை ஆக்கவும் அழிக்கவும் வல்லது கதை.

நல்ல கதைகள் இல்லாமற் போகவில்லை. 2022-இல் வந்த 'சுழல்' தொடரைப் பாருங்கள். புஷ்கர், காயத்ரி இருவரின் படைப்பு. மயானக் கொள்ளைத் திருவிழாவின் ஆரவாரத்துக்கு நடுவே ஒரு பெண் காணாமற் போகிறாள். வேடமும் குருதிநிறமும் கண்ணை மிரட்டுகின்றன. எனினும் குற்றத்தின் வேரைக் கதை வானத்தில் தேடவில்லை. மனிதரிடத்தில், வீட்டுக்குள் தேடுகிறது. அதே ஆண்டின் 'வதந்தி' தொடரில் இறந்துபோன பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். ஊர்வாய் கட்டிய கதைகளே அங்கே பேயாக உலவுகின்றன. முடிச்சுகளை நான் அவிழ்க்கப் போவதில்லை, கண்டு மகிழுங்கள்.

கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' (2012) இன்னும் ஒரு படி சென்றது. பேய்க்கதை ஒன்றைப் பொருளாசையால் ஒருவன் எப்படிப் புனைகிறான், கேட்டவர் எப்படி மயங்குகிறார் என்று தோலுரித்துக் காட்டியது. ஆனால் கடைசிக் காட்சியில் மெய்ப்பேயின் பக்கம் கண் சிமிட்டித் தன் துணிவையே குறைத்துக்கொண்டது. பத்து அடி தாண்டியவன் பதினோராம் அடியில் தடுக்கி விழுந்த கதை அது.

புதினங்களுக்கு வருவோம். பட்டுக்கோட்டை பிரபாகர் நம் மண்ணின் பெயரையே தம் பெயரில் சுமந்து, பரத், சுசீலா என்ற துப்பறியும் இணையைப் படைத்தார். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' ஆவியா, அறிவியலா என்ற வழக்கைக் கணேஷ், வசந்த் இருவர் நடுவே வைத்து, வாசகனை நடுவராக அமர்த்துகிறது. முடிவை ஏற்பவரும் மறுப்பவரும் உண்டு. சிந்திக்கத் தூண்டுகிறதே, அது போதும்.

ஆனால் நாகவல்லியின் மெய்யான கதையைப் படிக்க விரும்புவோர் திரையரங்குக்கும் போக வேண்டாம், பேயையும் தேட வேண்டாம். மாயூரத்தை அடுத்த மூவலூரில் வளர்ந்து, பொட்டுக்கட்டும் கொடுமையை உள்ளிருந்தே கண்டு, உதறி வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் எழுதிய 'தாசிகள் மோசவலை' என்ற புதினத்தை எடுங்கள். சூழ்ச்சி உண்டு, வலை உண்டு, அவிழும் முடிச்சும் உண்டு. பேய் மட்டும் இல்லை. ஆடற்பெண்ணை அங்கே ஆவியாக்கி அஞ்சவில்லை. அவளை வலையில் வீழ்த்தியவர் யார் என்று கேட்டார். அக்கேள்வி பலர் நாவில் எழுந்து வலுப்பெற்றதன் பயன், 1947-இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டமாக விளைந்தது.

ஆகவே, படத்தையும் தொடரையும் புதினத்தையும் எடைபோட எழுதுகோல் ஏந்தும் இளைஞர்களே! ஒளி எப்படி, ஒலி எப்படி என்று தாராளமாக எழுதுங்கள். அதனோடு மூன்று கேள்விகளையும் எழுதுங்கள். எழுப்பிய வினாவுக்குக் கதை விடை சொன்னதா? செத்தவளைக் கண்டு நம்மை அஞ்ச வைத்ததா, அவளைக் கொன்றவனை அடையாளம் காட்டியதா? இதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஒரு தாய், நாளை தன் மகள் மயங்கி விழுந்தால் பூசாரியை அழைப்பாளா, மருத்துவரை அழைப்பாளா? மூன்றாம் கேள்விக்கு விடை எழுதாத திறனாய்வு, எத்தனை விண்மீன்களை அள்ளி வழங்கினாலும், பாதி விடைத்தாளே!