அப்பாவின் ஆறு ரிங்கிட்

எங்கள் வீட்டில் புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கொஞ்ச நேரம் அப்பாவிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம். நம்பர் வரும் நேரம் அது. அப்பா லாரி ஓட்டியவர். சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கும் டிக்கெட்டை எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு எண்ணாகப் பார்ப்பார். பார்த்து முடித்ததும், "சரி, சோத்தப் போடு" என்பார். அவ்வளவுதான்.

நம்பர் எங்கிருந்தெல்லாம் வரும் என்பது தனிக்கதை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கவிழ்ந்து கிடக்கும் காரின் எண். கனவில் பாம்பு வந்தால் அதற்கொரு எண், இறந்துபோன பாட்டி வந்தால் வேறொரு எண். "எவனோ ஆஸ்பத்திரில கெடக்கான், நீங்க அவன் காடி நம்பர எழுதிட்டு வந்து நிக்கிறீங்க" என்று அம்மா திட்டுவார். ஒரு நம்பர் மட்டும் மாறவே மாறாது. என் ஐசியின் கடைசி நாலு எண்கள். எனக்கு 12 வயதில் ஐசி எடுத்த நாளிலிருந்து அப்பா அதை எடுத்துக்கொண்டிருந்தார்.

ரெண்டு ரிங்கிட் வீதம் மூன்று நம்பர். மொத்தம் ஆறு ரிங்கிட். 2011இல், நான் மூன்றாம் படிவம் படிக்கும்போது, ஒரு லாரி நம்பர் இரண்டாம் பரிசில் விழுந்தது. பிக்கில் ஒரு ரிங்கிட்டுக்கு 1,000, ஆக 2,000 ரிங்கிட். அம்மாவுக்கு ஒரு வளையல், எங்களுக்குப் பள்ளிச் சப்பாத்து, பக்கத்து வீட்டுக்குக் கோழி. அடுத்த குலுக்கலுக்கும் அப்பா ஆறு ரிங்கிட்தான் போட்டார். அன்றைக்கு எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு புள்ளியியல் பாடம் எடுத்தேன். லீவில் வீட்டுக்கு வந்தபோது அப்பாவை உட்காரவைத்து நாலு நம்பரை விளக்கினேன். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். பிக்கில் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, அப்புறம் 180 வீதம் பத்து, 60 வீதம் பத்து. எல்லாம் சேர்த்து 6,400. அதாவது நீங்கள் போடும் ஒவ்வொரு ரிங்கிட்டிலும் சராசரியாக 64 காசுதான் திரும்பி வரும். ஒரே நம்பரை வாரம் மூன்று குலுக்கலும் விடாமல் எடுத்தால், முதல் பரிசு சராசரியாக 64 வருஷத்துக்கு ஒருமுறை விழும்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "மிச்சம் 36 காசு எங்க போவுது?"

"கம்பெனிக்கு, அரசாங்க வரிக்கு."

"படம் பாக்கப் போனா முழுக் காசும்ல போவுது" என்றார்.

படிக்காதவரிடம் பேசிப் புண்ணியமில்லை என்று நினைத்தேன். நினைத்ததை இங்கே எழுதிவைப்பதுதான் நியாயம்.

2019 ஆகஸ்டில் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெஸ்ட் இஞ்சினியராகச் சேர்ந்தேன். கூடப் படித்த ஒருவன் பந்தாட்டப் பந்தயத்துக்கு ஏஜெண்டாக இருந்தான். கையில் காசே வேண்டாம். ஒரு லிங்க், ஒரு பாஸ்வேர்ட், 1,000 ரிங்கிட் கிரெடிட். வாராவாரம் திங்கட்கிழமை கணக்கு முடிப்பார்கள். ஜெயித்தால் அவன் அனுப்புவான், தோற்றால் நான் அனுப்ப வேண்டும். நம் நாட்டில் இணையச் சூதாட்டத்துக்கு உரிமமே கிடையாது, 1953ஆம் ஆண்டுச் சட்டங்கள் இன்னும் இருக்கின்றன என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எல்லாருக்கும்தான் தெரியும்.

பந்தய உலகத்தில் 'மலாய் ஓட்ஸ்' என்றே ஒரு கணக்குமுறை இருக்கிறது. நம் ஊர்ப் பெயரில் இப்படியும் ஒரு பெருமை. பலமான அணி ஒரு கோல், ஒன்றரைக் கோல் விட்டுக்கொடுத்து ஆடும். இரண்டு பக்கமும் 0.95 என்றால், 100 போட்டு ஜெயித்தால் 95 கிடைக்கும், தோற்றால் 100 போகும். கணக்குப் போட்டேன். சராசரி நஷ்டம் 100க்கு இரண்டரை ரிங்கிட். அப்பாவுக்கு 100க்கு 36. அப்பாவைவிட நான் பதினாலு மடங்கு புத்திசாலி.

கணக்கில் ஒரு தப்பும் இல்லை. எதைப் பெருக்க வேண்டும் என்பதைத்தான் விட்டுவிட்டேன். அப்பா வாரத்துக்கு 18 ரிங்கிட் போட்டு சராசரியாக ஆறரை ரிங்கிட் இழந்தார். நான் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த கோல் யார், அடுத்த கார்னர் யார் என்று வாரத்தில் 40 பந்தயம், ஒவ்வொன்றும் 200 ரிங்கிட். 8,000 ரிங்கிட் கைமாறியது. இரண்டரை விழுக்காடு என்றாலும் வாரத்துக்கு 200. அதுவும் நிதானமாக ஆடினால்தான். விட்டதைப் பிடிக்கத் தொகையை இரண்டு மடங்காக்கும் ராத்திரிகள் எந்தச் சராசரிக்கும் அடங்காது.

2020 மார்ச் 18இல் எம்சிஓ வந்தது. நான் வீட்டிலிருந்து வேலை செய்ய சுங்கைப்பட்டாணிக்கு வந்துவிட்டேன். நம்பர் கடைகள் மூடின. அப்பா ஒரு வாரம் முணுமுணுத்தார். அப்புறம் பழைய பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பி வெண்டை போட்டார். புதன்கிழமை சாயங்காலங்களில் அதற்குத் தண்ணி ஊற்றினார். நம்பரைப் பற்றிப் பேச்சே இல்லை.

உலகம் பூரா பந்தாட்டம் நின்றுபோயிருந்தது. பெலாருஸ் நாட்டில் லீக்கை நிறுத்தவில்லை. அந்த நாடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஒரு ஆட்டக்காரன் பெயர் தெரியாது. ராத்திரி இருட்டில் படுத்துக்கொண்டு பெலாருஸ் அணிகள் மீது பணம் போட்டேன். ஒரே வீடு, ஒரே மூன்று மாதம். யார் சூதாடி என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், தயங்காமல் அப்பாவைக் காட்டியிருப்பேன்.

வேலையில் எனக்குக் கண்காணிப்பு வரைபடம் பார்ப்பது தினசரிப் பாடு. ஒரு எந்திரத்தின் அளவுகள் எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் கோளாறு என்றில்லை. எல்லைக்குள்ளேயே இருந்தாலும் தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால் எந்திரத்தை நிறுத்திப் பார்க்கச் சொல்வோம். எனக்கோ சம்பளத்துக்குள்தான் தோற்கிறேன், எல்லை தாண்டவில்லை என்ற சமாதானம் இரண்டு வருஷம் போதுமானதாக இருந்தது. கைப்பேசிக்குப் பக்கத்திலிருப்பவர் பார்க்க முடியாத கறுப்புக் கண்ணாடி ஒட்டினேன். வேலையிடத்துக் கழிப்பறையில் அரைமணி நேரம் இருந்தேன். கிரெடிட் 1,000இலிருந்து 5,000 ஆனது. நான் கேட்கவில்லை, அவனே ஏற்றினான். தோற்கிறவனுக்குத்தான் ஏற்றுவார்கள் என்று இப்போது தெரிகிறது.

2022 நவம்பர் 22, உலகக் கிண்ணம். நம் நேரப்படி சாயங்காலம் ஆறு மணிக்கு அர்ஜென்டினாவும் சவுதி அரேபியாவும். அர்ஜென்டினா மீது 3,000 போட்டேன். பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியில் கோல். முதல் பாதியிலேயே இன்னும் மூன்று முறை பந்து வலைக்குள் போனது, மூன்றும் ஆஃப்சைட். இடைவேளை முடிந்து வந்த எட்டு நிமிடத்துக்குள் சவுதி இரண்டு கோல் போட்டது. மறுநாள் ஜெர்மனி ஜப்பானிடம் தோற்றது. நான் ஜெர்மனி மீது போட்டது, முந்தின நாள் விட்டதைப் பிடிக்க.

திங்கட்கிழமைக்கு 1,800 குறைந்தது. தங்கச்சி அப்போது ஜொகூரில் படித்துக்கொண்டிருந்தாள். காடி கியர்பாக்ஸ் போய்விட்டது, சம்பளம் வந்ததும் தருகிறேன் என்று சொல்லி அவளுடைய பிடிபிடிஎன் கடன்பணத்தை வாங்கினேன். சம்பளம் வந்தது. அது வந்த வழியே போனது. டிசம்பர் கடைசியில் அவள் அனுப்பிய குரல்செய்தியை இன்னும் அழிக்கவில்லை. "அண்ணே, ரூம் வாடகை கட்டணும். ரொம்ப வேணாம், 300 இருந்தா போட்டு விடுங்க. காடி எப்படி இருக்கு?"

காடியைப் பற்றிக் கேட்டதுதான் என்னை என்னவோ செய்தது.

அன்று ராத்திரி இணையத்தில் தேடினேன். சூதாட்டப் பிரச்சினையைக் கண்டுபிடிக்க நீளமான வினாப்பட்டியல்கள் இருக்கின்றன. 1997இல் வெளியான ஒன்றில் இரண்டே கேள்விகள். ஒன்று, இன்னும் அதிகமாக, இன்னும் அதிகமாகப் பணம் போட வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? இரண்டு, எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பதைப் பற்றி உங்களுக்கு முக்கியமானவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்திருக்கிறதா? ஒன்றுக்கு ஆமென்றாலே மேற்கொண்டு பார்க்க வேண்டுமாம். எவ்வளவு இழந்தாய் என்று அது கேட்கவே இல்லை. நிகழ்தகவு தெரியுமா என்றும் கேட்கவில்லை. சொன்ன பொய்களைத் தாளில் எழுதத் தொடங்கினேன். கியர்பாக்ஸ், ஓவர்டைம், நண்பன் கல்யாணத்துக்கு மொய், பல் வைத்தியம். பதினேழில் நிறுத்தினேன். அப்பா இத்தனை வருஷத்தில் ஒரு டிக்கெட்டைக்கூட ஒளித்ததில்லை. நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் குத்தி வைப்பார்.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013இல் தங்கள் கையேட்டைத் திருத்தியபோது சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் இருக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். வள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும் சூதை 94ஆகவும் வைத்துவிட்டு, 95இல் மருந்துக்குப் போய்விடுகிறார். எஸ்பிஎம்முக்குத் தமிழ் இலக்கியம் எடுத்தவன் நான். இந்த வரிசை அப்போதெல்லாம் கண்ணில் படவில்லை.

தங்கச்சியிடம்தான் முதலில் சொன்னேன். அவள் கத்தவில்லை, என் சம்பளக் கணக்கின் கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கிரெடிட் கார்டு கடனுக்கு ஏகேபிகே போனேன். பேங்க் நெகாராவின் கீழ் வரும் அமைப்பு, ஆலோசனை இலவசம். மூன்று கார்டுகளையும் சேர்த்து மாதத் தவணையாக்கினார்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிப் பதிந்தேன். டாக்டர் மேற்சிகிச்சைக்குக் கடிதம் கொடுத்தார். ஏஜெண்டுக்கான பாக்கியை எந்த அமைப்பும் பார்க்காது, அதைச் சொந்தமாக அடைத்தேன். சிங்கப்பூரில் ஒருவர் கசினோவுக்குள் நுழைய முடியாதபடி குடும்பமே தடை கேட்டு விண்ணப்பிக்கலாம். என் கசினோ என் சட்டைப்பையில் இருந்தது. அதற்கு யாரிடம் விண்ணப்பிப்பது? 'பொறுப்புடன் விளையாடுங்கள்' என்ற வாசகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அப்பாவைப் பொறுப்பாக வைத்திருந்ததில் பாதி, கடை ஏழு மணிக்கு மூடுவதும் கடன் தராததும்தான். மீதிப் பாதியை என்னால் விளக்க முடியவில்லை. எங்கள் வரிசையின் கடைசி வீட்டு மாமாவும் வெறும் நம்பர்தான் எடுத்தார். ஆலோங் அவர் கேட்டில் வீசிய சிவப்புப் பெயிண்ட் இன்னும் முழுதாகப் போகவில்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் 2023 ஜனவரியிலிருந்து கெடாவில் நம்பர் கடைகள் இல்லாமல் போயின. மாநில அரசு உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. அப்பாவுக்கு என் விவகாரம் எதுவும் தெரியாது. "நீ பினாங்குலதானே இருக்க, வாட்சாப்ல நம்பர் அனுப்புறேன், எடுத்து வை" என்றார். ஆறு ரிங்கிட் எடுக்க என்ன என்று நினைத்தேன். முதல் மாதம் அவருடையதை மட்டும் எடுத்தேன். ஒரு சனிக்கிழமை அவருடைய ஆறோடு என் பங்குக்கு ஐந்து போட்டேன். அடுத்த புதன் ஐம்பது. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கும்போது கை வியர்த்தது. முன்னால் நின்ற சீனக் கிழவி திரும்பிப் பார்த்து, சீக்கிரம் போக வேண்டுமா, முன்னால் வருகிறாயா என்று மலாயில் கேட்டார். இல்லை என்று வெளியே வந்தேன்.

அன்றைக்கே பாலம் தாண்டி சுங்கைப்பட்டாணிக்குப் போனேன். அப்பா வெளியே செடிக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இனிமே என்னால நம்பர் எடுக்க முடியாது."

"ஏன், கூட்டமா?"

சொன்னேன். 41,000 ரிங்கிட் என்பது வரை சொன்னேன். ஓஸ் பைப்பில் தண்ணி ஓடிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்.

"எம்சிஓ டைம்லயேவா?"

"ஆமா."

"ராத்திரி எந்திரிச்சு வருவேன். உன் ரூம் கதவுக்குக் கீழ வெளிச்சம் தெரியும். புள்ள வேல செய்யுதுன்னு போய் படுத்துருவேன்."

அப்புறம் பைப்பை மூடினார். "சாப்ட்டியா?" என்று கேட்டார். அதற்குமேல் அதைப்பற்றி எங்கள் இருவருக்கும் இதுவரை பேச்சில்லை.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் வேலையில் இருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. அப்பா. கையுறையைக் கழற்றிவிட்டுத் திறப்பதற்குள் செய்தி அழிக்கப்பட்டிருந்தது. என்ன அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை.