போர்டு போயிடுச்சுங்க

பொய் சொல்லிக் காசு வாங்கியிருக்கிறேன். பாபநாசம் பக்கம் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நான் சில வருஷங்கள் அதைப் பழக்கமாகவே வைத்திருந்தேன்.

லேப்டாப்பை டிவியிலோ வேறு மானிட்டரிலோ மாட்டினால் படம் வரவில்லை என்று ஆட்கள் வருவார்கள். போட்டோ ஸ்டூடியோக்காரர், டியூஷன் எடுப்பவர், கல்யாண மண்டபத்தில் பெரிய திரை கட்டுபவர். பலருடைய மிஷினில் கோளாறே இருக்காது. விண்டோஸ் பட்டனோடு ‘பி’ எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் நான்கு வழி காட்டும்: லேப்டாப் திரை மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரண்டும் சேர்ந்து ஒரே நீளத் திரை, வெளித்திரை மட்டும். முதலாவதில் நின்றிருந்தால் இரண்டாவதற்கு மாற்றினால் போதும். சில சமயம் வயர் எச்டிஎம்ஐயில் இருக்கும், மானிட்டர் விஜிஏவை எதிர்பார்த்துக் கறுப்பாக நிற்கும். மானிட்டரிலேயே உள்ள சோர்ஸ் பட்டனை அமுக்கினால் சரியாகிவிடும். இதை அவர்கள் கண்ணெதிரே செய்தால் காசு கேட்க வாய் வராது. அதனால், “வச்சிட்டுப் போங்க, நாளைக்குப் பாக்கலாம்” என்பேன். மறுநாள் தேவையில்லாத புது கேபிளுக்கும் கூலிக்கும் சேர்த்து வாங்கிக்கொள்வேன்.

இதைவிடப் பெரியதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மாணவர்களுக்கான அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ கூரை வீடுகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தது அந்தப் பிள்ளைகளின் கைவழியாகத்தான். காவிரி பொய்த்த காலமும் அதுவே. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை. போர்செட் வைத்திருந்தவர்கள்தான் குறுவை போட்டார்கள்; மற்ற வயல்களில் நடவும் இல்லை, களையெடுப்பும் இல்லை, கூலியும் இல்லை. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது.

அந்த வருஷம் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி, காலேஜில் படிக்கும் மகளையும் அவளுடைய இலவச லேப்டாப்பையும் கூட்டிக்கொண்டு வந்தார். “லைட் எரியுது தம்பி, படந்தான் வரமாட்டேங்குது.” ஆன் செய்தேன். ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது, திரை இருட்டு. “போர்டு போயிடுச்சுங்க ஐயா” என்றேன். மாற்ற ஆகும் தொகையைச் சொன்னதும் அவர் மகளைப் பார்த்தார். அந்தப் பெண், “அண்ணே, உள்ள இருக்குறதையாவது எடுத்துத் தர முடியுமா? என் ப்ராஜெக்ட் இருக்கு” என்றாள். “போர்டு போனா எல்லாம் போச்சும்மா” என்றேன். ஹார்ட் டிஸ்க் தனி, போர்டு தனி என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு நான் சொன்ன விலைக்கே அதை விட்டுவிட்டுப் போனார்கள். அரசு கொடுத்த லேப்டாப்பை வாங்கக் கூடாது என்பதும் தெரிந்துதான் வாங்கினேன்.

சாயங்காலம் பாகங்களைக் கழற்றுவதற்கு முன்னால், ராம் நல்லதா என்று பார்க்க, மேஜையில் கிடந்த பழைய மானிட்டரை விஜிஏவில் மாட்டினேன். படம் பளிச்சென்று வந்தது. அவள் பெயரில் ஒரு ஃபோல்டர் நடுவில் இருந்தது. போர்டுக்கு ஒன்றுமில்லை. மூடித் திறந்து மூடித் திறந்து, கீல் பக்கம் திரைக்குப் போகும் மெல்லிய கேபிள்தான் நைந்திருந்தது. அணைத்தேன். ஹார்ட் டிஸ்க்கை அழித்து, ராமையும் அதையும் தனித்தனியாக விற்றேன். மானிட்டரை மாட்டும் வரை நான் செய்தது சோம்பேறித்தனமும் பொய்யும். அதற்குப் பிறகு செய்தது திருட்டு.

இதைப் படிப்பவர்கள் என்னைப் போன்றவனிடம் ஏமாறக் கூடாது. லேப்டாப் திரை இருண்டால் முதலில் இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் பின்விளக்கில்தான் பிரச்சினை. அடுத்து வீட்டு டிவியில் மாட்டுங்கள். அங்கே படம் வந்தால் போர்டு செத்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். திரை மாற்றக் காசில்லையா? மூடியை மூடினாலும் தூங்காதபடி பவர் செட்டிங்கில் மாற்றிவிட்டு, பழைய மானிட்டரோடு மேஜைக் கம்ப்யூட்டராகவே ஓட்டலாம். அந்தப் பெண்ணும் அப்படிப் படித்து முடித்திருக்கலாம்.

எச்டிஎம்ஐ மட்டும் உள்ள லேப்டாப்பைப் பழைய விஜிஏ மானிட்டரில் மாட்ட வெறும் வயர் உதவாது. ஒன்று டிஜிட்டல், மற்றது அனலாக். நடுவில் மாற்றித் தரும் கன்வெர்ட்டர் வேண்டும். மட்டமான விஜிஏ கேபிள்கள் சிலவற்றில் 12, 15-ஆம் பின்கள் இருக்காது. மானிட்டர் தன் அளவை லேப்டாப்புக்குச் சொல்வது அவற்றின் வழியாகத்தான். அவை இல்லாவிட்டால் படம் வந்தாலும் எழுத்து கலங்கித் தெரியலாம். டிவியில் ஓரங்கள் வெட்டுப்பட்டால் அது டிவியின் படஅளவு செட்டிங். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். புது லேப்டாப் வாங்கும்போது, எல்லா யுஎஸ்பி-சி துளையும் படம் அனுப்பாது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது கடையில் மானிட்டரை வாசல் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். வருகிறவர் எதிரிலேயே மாட்டிப் பார்க்கிறேன். வெறும் பட்டன் வேலை என்றால் காசு வாங்குவதில்லை. இதனால் அந்தக் கடன் தீராது. அழித்த ப்ராஜெக்டை என்னால் திருப்பித் தர முடியாது. பணத்தைத் தர முடியும். அவர்கள் ஊரும் தெரியும். இதுவரை போகவில்லை. இந்தப் பக்கம் அச்சானதும் எடுத்துக்கொண்டு போகிறேன். வாயால் சொல்லத் தயங்கினால் படிக்கக் கொடுப்பேன்.